கம்பி முதல் வலை வரை – 9: மோதினால் மறுபடி அனுப்பு!

சென்ற வாரம் நாம் பார்த்த அர்பாநெட் என்ற கணினி வலை, வாடகைக்கு எடுத்த தொலைபேசி லைன்களை நம்பிப் படர்ந்தது. அமெரிக்க நிலப்பரப்பில் அது சரி. பசிபிக் கடல் நடுவே தீவு தீவாகக் கிடக்கும் ஹவாயில் என்ன செய்வது?

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி, ஐ.பி.எம். 360/65, ஓவாஹு தீவில் ஹொனலூலு நகரத்து மானோவா வளாகத்தில் இருந்தது. அதன் கல்லூரிகளும் ஆய்வு நிலையங்களும் மற்ற தீவுகளிலும் இருந்தன. ஒவ்வோர் இடத்துக்கும் தனி லைன் எடுத்தால் கட்டுப்படியாகாது. எடுத்தாலும் அது பெரும்பாலான நேரம் சும்மாதான் கிடக்கும். டெர்மினல் முன் உட்கார்ந்திருப்பவர் ஒரு வரி தட்டுவார், யோசிப்பார், தலையைச் சொறிவார், பிறகுதான் அடுத்த வரி. இப்படி விட்டுவிட்டு வரும் தரவுக்கு, மனிதப் பேச்சுக்காக உருவான தொலைபேசி தோதுப்படாது என்று அடித்துச் சொன்னார் நார்மன் ஆப்ராம்சன்.

ஹார்வர்டில் இயற்பியல் படித்து, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர் அவர். 1966-ல் ஹவாய்க்கு வந்து சேர்ந்ததற்கு அலைச்சறுக்கு மோகமும் ஒரு காரணம். அவரும் சகாக்களும் 1968 செப்டம்பரில் தொடங்கிய அலோஹா திட்டம், கம்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு ரேடியோவைக் கையில் எடுத்தது. 407.350, 413.475 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள். ஒன்று போக, ஒன்று வர. வேகம் நொடிக்கு 9,600 பிட்.

வரும் வழியில் சிக்கல் இல்லை. அங்கே பேசுவது மையம் மட்டும்தான். போகும் வழி அப்படியல்ல. எல்லா டெர்மினல்களுக்கும் அந்த ஒரே அலைவரிசை. யார் எப்போது பேசுவது?

பந்தியில் பரிமாறுகிறவர் இலை இலையாக நின்று ‘சாம்பார் வேணுமா?’ என்று கேட்டுக்கொண்டு போவதைப்போல, மையக் கணினி ஒவ்வொரு டெர்மினலையும் முறைவைத்து விசாரிக்கலாம். ஆனால், பெரும்பாலோர் ‘வேண்டாம்’ என்று சொல்லும் பந்தியில் கேட்பதிலேயே நேரம் போய்விடும். ஆப்ராம்சன் வரிசையையே கலைத்துவிட்டார். வரி தட்டி முடித்தாயா, யாரையும் கேட்காதே, உடனே அனுப்பு!

80 எழுத்துகள் கொண்ட ஒரு வரி 640 பிட். யார் அனுப்பியது என்பது போன்ற விவரத்துக்கு 32 பிட், பிழை பார்க்க 16-ம் 16-ம். மொத்தம் 704 பிட் கொண்ட இந்தப் பாக்கெட் காற்றில் இருப்பது சுமார் 73 மில்லிநொடி. அதற்குள் இன்னொருவருடைய பாக்கெட் குறுக்கிட்டால் இரண்டும் சிதையும். மையத்தில் இருந்த மெனெஹூனே என்ற சிறு கணினி, பிழை பார்க்கும் பிட்டுகளை வைத்து அதைக் கண்டுபிடித்துக் குப்பையில் போட்டுவிடும். முழுசாக வந்தால் மட்டும் ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்பும். பதில் வராவிட்டால் டெர்மினல் கொஞ்சம் காத்திருந்து மறுபடி அனுப்பும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில்தான் சூட்சுமம். இருவரும் ஒரே அளவு காத்திருந்தால் மறுபடியும் மோதிக்கொள்வார்கள். அதனால் அவரவர் காத்திருப்பு குலுக்கல் முறையில் அமையும்.

1971 ஜூனில் இது வேலை செய்யத் தொடங்கியது. கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த முறையில் உருப்படியாகப் போய்ச் சேர்வது அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதம்தான். ஊதாரித்தனமாகத் தெரியலாம். ஆனால், ஒருவர் அரை நிமிடத்துக்கு ஒரு வரி அனுப்பினால், அந்த 18 சதவீதத்திலேயே ஏறத்தாழ 75 பேரை ஒரே அலைவரிசையில் உட்காரவைக்கலாம். 75 தனி லைன்களின் வாடகையோடு ஒப்பிட்டால், ஊதாரி யார் என்று தெரிந்துவிடும். குறித்த நொடிக்கூறு தொடங்கும்போது மட்டுமே அனுப்பலாம் என்று ஒரு சின்னக் கட்டுப்பாடு வைத்தால் அந்த 18 சதவீதம் இரட்டிப்பாகும் என்பதை 1972-ல் காட்டியவர் அர்பாநெட்டின் லாரி ராபர்ட்ஸ். இன்றும் கைபேசி டவரிடம் முதல் தடவை இடம் கேட்கும்போது பின்பற்றப்படுவது இந்த வழிதான்.

அந்த ராபர்ட்ஸின் வாஷிங்டன் அலுவலகத்தில் ஒரு கூத்து நடந்தது. பேச்சுக்கு நடுவே அவர் வெளியே போக, ஆப்ராம்சன் கரும்பலகையைப் பார்த்தார். அர்பாநெட்டின் இணைப்புக் கருவிகள் அடுத்து எங்கெங்கே, எந்தத் தேதியில் என்ற பட்டியல் அதில் இருந்தது. சாக்பீஸை எடுத்து, ‘அலோஹா – டிசம்பர் 17’ என்று வாய்க்கு வந்த தேதியைச் சேர்த்து எழுதினார். பிறகு அதைச் சொல்லவே மறந்துவிட்டார். அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கருவி வைக்க இடம் தயார் செய்யச் சொல்லி போன் வந்தது. 1972 டிசம்பர் 17 அன்று கருவியும் வந்து இறங்கியது. அர்பாநெட்டின் முதல் செயற்கைக்கோள் இணைப்பு இப்படித்தான் ஹவாய்க்குக் கிடைத்தது. அரசாங்கக் கோப்பு நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இதை நம்பச் சிரமமாக இருக்கும்.

அதே 1972-ல், ஹார்வர்ட் திருப்பி அனுப்பிய ஆய்வேட்டோடு தவித்துக்கொண்டிருந்தார் பாப் மெட்கால்ஃப் என்ற இளைஞர். நண்பர் ஸ்டீவ் கிராக்கர் வீட்டில் தங்கிய இரவில், ஆப்ராம்சனின் கட்டுரை ஒன்று கையில் அகப்பட்டது. அதில் ஓர் ஓட்டை தெரிந்தது. பதில் வராவிட்டாலும் ஜனங்கள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருப்பார்கள் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தது. நிஜத்தில் பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதானே மனித சுபாவம்? அந்தத் திருத்தம் ஆய்வேட்டில் ஏற, 1973-ல் பட்டம் கிடைத்தது.

அதற்குள் அவர் கலிஃபோர்னியாவில், பாலோ ஆல்டோவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். 1973 மே 22 அன்று அவர் தட்டச்சு செய்த குறிப்பில் காற்றுக்குப் பதில் கேபிள் வந்தது. பேசுமுன் காது கொடுத்துக் கேள், மோதல் தெரிந்தால் பாதியிலேயே நிறுத்து, மறுபடி மறுபடி மோதினால் காத்திருப்பை நீட்டிக்கொண்டே போ. அலோஹாவில் இல்லாத இந்தச் சேர்க்கைகளோடு, நொடிக்கு 29.4 லட்சம் பிட் வேகத்தில் பிறந்தது ஈதர்நெட். அந்தக் கேபிளோடு அவரும் சகா டேவிட் பாக்ஸும் மல்லுக்கட்டிய கதை அடுத்த வாரம்.

(தொடரும்)