சிக்னல் 11-இன் தடம்

தனக்கு ஒதுக்கப்படாத நினைவக முகவரியை ஒரு நிரல் தொட்டால் செயலி தடுத்து நிறுத்துகிறது. லினக்ஸ் கெர்னல் அந்த நிரலுக்கு 11ஆம் எண் சிக்னலை அனுப்புகிறது. திரையில் மிஞ்சுவது ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்ற ஒற்றை வரி. இந்த ஏற்பாடு லினக்ஸுக்கு மூத்தது. பெல் ஆய்வகத்தின் பிடிபி-11 கணினிகளில் வளர்ந்த யூனிக்ஸிலிருந்து வந்தது. விழுந்த நிரலின் நினைவகத்தை ‘கோர்’ கோப்பாகக் கொட்டி வைக்கும் பழக்கமும் அங்கிருந்தே வந்தது. 1979இல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் அந்தக் கோப்பை ஏடிபி என்ற கருவியால் திறந்து, வெறும் எண்களிலிருந்து நிரலர் காரணத்தைத் தேட வேண்டியிருந்தது.

எல்லாக் கணினியும் ஒரேபோல் காவல் காக்கவில்லை. பெர்க்லி யூனிக்ஸ் ஓடிய வாக்ஸ் கணினிகளில் பூஜ்ய முகவரியைப் படிக்க முடிந்தது; அங்கே பூஜ்யமே இருந்தது. பூஜ்ய முகவரியைச் சுட்டும் வெற்றுப் பாயின்டரைப் படித்த நிரல், காலிச் சரம் கிடைத்ததாகக் கொண்டு தடையின்றி ஓடியது. அதே நிரல்கள் சன் கணினிகளுக்குப் போனபோதுதான் விழுந்தன. பிழை அதுவரை இல்லாமல் இல்லை; காட்டிக்கொடுக்க ஆளில்லை.

1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிடிபி, லினக்ஸ் நிரலரின் அன்றாடக் கருவியானது. கோர் கோப்பைத் திறந்து ‘பிடி’ என்று தட்டினால், எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற வரிசை வரும். முதல் வரியில் பெரும்பாலும் சி நூலகத்தின் ஸ்டிர்லென் போன்ற ஒன்று நிற்கும். குற்றம் அதனுடையதல்ல, அதற்கு வெற்றுப் பாயின்டரைக் கொடுத்த அடுத்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.

1990களில் இன்னொரு சந்தேகமும் சேர்ந்தது. கெர்னலை கம்பைல் செய்யும்போது ஜிசிசி கம்பைலர் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் சிக்னல் 11-ஓடு நின்றால், பழுது பெரும்பாலும் ராம் சில்லில் இருந்தது.

ஜிடிபிக்கு எட்டாதது ஒன்று உண்டு: பத்து பைட் கேட்டு வாங்கிய இடத்தில் பதினோராவது பைட்டை எழுதிய வரி. அது எழுதிய கணத்தில் எதுவும் நடக்காது; வெகுநேரம் கழித்துச் சம்பந்தமில்லாத வரி விழும். ஜூலியன் செவர்ட் 2002இல் வெளியிட்ட வால்கிரைண்ட் இந்தக் குறையைத் தீர்த்தது. ஒவ்வொரு நினைவகத் தொடுதலையும் சோதிப்பதால் நிரல் பத்து முதல் முப்பது மடங்கு மெதுவாகும். ஆனாலும் அது மீட்டுத் தந்த உழைப்பு மிகப் பெரிது. கூகுள் பொறியாளர்களின் அட்ரஸ் சானிடைசர், 2012இல் எல்எல்விஎம் கம்பைலரிலும் 2013இல் ஜிசிசியிலும் இடம்பிடித்து, அந்தத் தாமதத்தைச் சுமார் இரண்டு மடங்காகக் குறைத்தது. விடுவித்த நினைவகத்தை நிரல் மீண்டும் தொட்டால், தொட்ட வரி, விடுவித்த வரி, முதலில் ஒதுக்கிய வரி மூன்றையும் அது ஒரே அறிக்கையில் காட்டுகிறது.