மாண்ட பின்னும் பேசிய நா

வாளால் நாடுகள் கவிழ்ந்த கதைகளை வரலாற்று நூல்கள் விரிவாக எழுதுகின்றன. நாவால் மனிதர் கவிழ்ந்த கதைகளை அத்துணை விரிவாக எழுதுவதில்லை. ஆயினும் ஒருவன் கையில் வாள் ஏறுமுன் அவன் காதில் ஒரு சொல் ஏறியிருத்தல் வேண்டும். அச்சொல்லைச் சொன்னவர் யார், அஃது எவ்வழியே சென்றது, கேட்டவன் அதனை ஏன் நம்பினான் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணாத வரலாறு அரைகுறை வரலாறேயாகும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வினாக்களை உலகத்தின் முன் நிறுத்தியவர் அன்வர் அல்-அவ்லாக்கி என்னும் போதகர். அவரைப் 'பயங்கரவாதி' என்னும் ஒரு சொல்லோடு முடித்துவிடுவது எளிது. அவர் சொல் எவ்வாறு வேலை செய்தது என்று ஆராய்வதே நம்மனோர்க்குப் பயன் தரும்.

பிறப்பும் கல்வியும்

அவ்லாக்கி 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்திலுள்ள லாஸ் குரூசஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் யெமன் நாட்டவர். வேளாண்மைப் பொருளியல் பயில உதவிச் சம்பளம் பெற்று அமெரிக்கா சென்றவர். பின்னாளில் தம் நாட்டின் வேளாண்மை அமைச்சராகவும் விளங்கியவர். சிறு வயதில் யெமன் திரும்பிய மகன், 1991-இல் மீண்டும் அமெரிக்கா சென்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் கற்றுப் பட்டம் பெற்றார். ஆகவே வறுமை அவரைக் கெடுத்தது, கல்லாமை அவரைக் கெடுத்தது என்று கூற இடமில்லை. மார்க்க நூல்களை ஆண்டுக்கணக்கில் ஆசிரியரிடம் முறையாக ஓதியவருமல்லர். அவரிடமிருந்த பெருஞ்செல்வம் குரல் ஒன்றே.

1996 முதல் 2000 வரை சான் டியாகோ நகரிலும், 2001 ஜனவரி முதல் வாஷிங்டனுக்கு அருகிலுள்ள ஃபால்ஸ் சர்ச் என்னும் ஊரிலும் அவர் இமாமாகப் பணியாற்றினார். அக்காலத்தில் மேல்நாடுகளில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் இளைஞர்க்கு ஒரு குறை இருந்தது. பெற்றோரின் மொழி அவர்க்கு அரைகுறை. அரபியோ அறவே தெரியாது. முதிய இமாம்களின் பிரசங்கம் செவியில் விழுந்ததேயன்றி நெஞ்சில் விழவில்லை. அவர்களிடம் அவ்லாக்கி தெளிந்த ஆங்கிலத்தில், நகைச்சுவை கலந்து, நபிமார்களின் வரலாறுகளைக் கதை போலச் சொன்னார். அச்சொற்பொழிவுகள் குறுந்தட்டுத் தொகுப்புகளாக வெளிவந்து பல நாடுகளில் பரவின. இளைஞர் தாமே வாங்கினர். பெற்றோர் பிள்ளைகட்கு வாங்கிக் கொடுத்தனர். அவற்றில் கொலைக்கு அழைப்பு இல்லை. நல்லொழுக்கமும் இறைபக்தியுமே இருந்தன.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். நஞ்சை நஞ்சென்று சொல்லி விற்பவனிடம் வாங்குவார் இல்லை. பல்லாண்டுகள் பாலை ஊற்றிய கை பின்னொரு நாள் நஞ்சை ஊற்றும்போது, குடிப்பவன் பாத்திரத்தைப் பார்ப்பதில்லை, கையையே பார்க்கிறான்.

மாற்றம்

2001 செப்டம்பர் 11-ஆம் நாள் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் பெருங்கொலை நிகழ்ந்தபோது, அவ்லாக்கி அதனைக் கண்டித்தார். செய்தித்தாள்கள் அவரை நடுநிலைப் போதகர் என்று எடுத்துக்காட்டின. 2002 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமான பென்டகனிலேயே ஒரு விருந்தில் அவர் பேசினார். அக்கொலையைப் புரிந்தவருள் இருவர் சான் டியாகோவில் அவருடைய பள்ளிவாசலுக்கு வந்து சென்றவர்கள். 2004-இல் அறிக்கை வெளியிட்ட விசாரணைக் குழு இத்தொடர்பை ஐயத்தோடு குறித்தது. ஆயினும் சதியில் அவர்க்குப் பங்குண்டு என்று நிலைநாட்டவில்லை. தொடக்கம் முதலே அவர் வேடமிட்டார் என்பர் ஒரு சாரார். பின்னரே மாறினார் என்பர் மற்றொரு சாரார்.

அவர் 2002-இல் அமெரிக்காவை விட்டு நீங்கிப் பிரிட்டனிலும், 2004 முதல் யெமனிலும் தங்கினார். 2006 ஆகஸ்டு முதல் 2007 டிசம்பர் வரை யெமன் சிறையில் வாடினார். வெளிவந்த பின் அவர் பேச்சு வெளிப்படையாகக் கடுமையாயிற்று. 2009 ஜனவரியில் புனிதப்போருக்குத் துணை செய்யும் 44 வழிகள் என்று ஒரு பிரசுரம் வெளியிட்டார். 2010 மார்ச்சில் அமெரிக்காவை எதிர்த்துப் போரிடுதல் முஸ்லிம்களின் கடமை என்றே அறிவித்தார். கருத்து தலைகீழாயிற்று, குரல் மட்டும் மாறவில்லை. நபிமார் கதை சொன்ன அதே இனிய குரல், அதே நிதானம், அதே ஆங்கிலம்!

இணையம் செய்த வேலை

பள்ளிவாசலில் ஒருவர் தவறாகப் பேசினால் எழுந்து மறுப்பதற்கு முதியோர் உளர். வீடு திரும்பும் வழியில் 'அஃது அவ்வாறன்று' என்று சொல்லத் தந்தை உண்டு. இணையத்தில் அவ்லாக்கியைக் கேட்டவன் தனியறையில் தனியே கேட்டான். ஒரு பேச்சு முடிந்ததும் அடுத்த பேச்சு தானே வந்து நின்றது. பேசியவரை அவன் அறிந்ததாக எண்ணினான். பேசியவர் அவனை அறியார்.

அமெரிக்கப் படை மருத்துவன் ஒருவன் 2008 டிசம்பர் முதல் அவ்லாக்கிக்குப் பல மின்னஞ்சல்கள் எழுதினான். வந்த பதில்கள் இரண்டே; அவற்றிற் கொலைக்கு ஆணை ஏதுமில்லை. ஆயினும் 2009 நவம்பர் 5-ஆம் நாள் டெக்சஸ் மாநிலத்து ஃபோர்ட் ஹூட் முகாமில் அவன் 13 பேரைச் சுட்டுக் கொன்றான். அவ்லாக்கி அக்கொலையைப் புகழ்ந்து எழுதினார்.

லண்டனில் 21 வயதுப் பெண் ஒருத்தி. கல்லூரியில் சிறந்த மாணவி. சில மாதங்களில் நூறு மணி நேரத்துக்கு மேல் அவர் பேச்சைக் கேட்டாள். 2010 மே 14-ஆம் நாள், தொகுதி மக்களின் குறை கேட்க அமர்ந்திருந்த பாராளுமன்ற உறுப்பினர் ஸ்டீஃபன் டிம்ஸ் என்பாரைக் கத்தியால் வயிற்றிற் குத்தினாள். அவர் உயிர் பிழைத்தார்; அவள் ஆயுள் தண்டனை பெற்றாள். எந்தச் சங்கமும் அவளை அனுப்பவில்லை. எந்த ஆசிரியனும் அவள் எதிரே அமர்ந்து பாடஞ்சொல்லவில்லை. ஒரு கருவியும் ஒரு குரலுமே போதியவையாயின.

கொன்றும் அடங்காத குரல்

அவ்லாக்கி பேச்சோடும் நிற்கவில்லை. 2009 கிறித்துமஸ் நாளில் டெட்ராய்ட் சென்ற விமானத்தைத் தகர்க்க முயன்ற நைஜீரிய இளைஞனை ஏவியதில் அவர்க்கு நேரடிப் பங்குண்டு என்று அமெரிக்க அரசு வழக்கில் கூறியது. அந்நாட்டுக் குடிமகனாகிய அவரைக் கொல்ல அவ்வரசு முடிவு செய்தது. தந்தை நீதிமன்றம் சென்று தடுக்க முயன்றும் வழக்குத் தள்ளுபடியாயிற்று. 2011 செப்டம்பர் 30-ஆம் நாள் ஆளில்லா விமானம் எறிந்த குண்டால் அவ்லாக்கி யெமனில் மாண்டார். இரு வாரங்களில் வேறொரு தாக்குதலில் அவருடைய 16 வயது மகனும் மாண்டான். அவனைக் குறிவைக்கவில்லை என்றது அமெரிக்கா. குற்றவாளியாயினும் வழக்கு மன்றத்தில் நிறுத்தாமற் குடிமகனைக் கொல்லலாமா என்னும் வினா இன்றும் விடையின்றி நிற்கிறது. கூண்டில் நின்று குறுக்கு விசாரணைக்கு உட்பட்டிருந்தால் சிறுத்துப்போயிருக்கக்கூடிய மனிதர், அன்பர் கண்ணுக்குத் தியாகியாகிவிட்டார்.

குரலோ அடங்கவில்லை. 2013 ஏப்ரலில் பாஸ்டன் ஓட்டப் பந்தயத்தில் குண்டு வைத்து மூவரைக் கொன்ற சகோதரருள் இளையவனின் கணினியில் அவர் பேச்சுகள் இருந்தன. 2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோவில் 14 பேரைக் கொன்றவனும் அவற்றைக் கேட்டவனே. 2017 இறுதியிற்றான் யூட்யூப் நிறுவனம் அவர் காணொளிகளைப் பெருவாரியாக நீக்கிற்று; நபிமார் கதைகளும் அவற்றோடு நீங்கின. பாலையும் நஞ்சையும் பிரிக்க இயலாது என்று ஒப்புக்கொள்ள அத்துணை ஆண்டுகள் சென்றன.

நமக்கு என்ன?

'இஃது அயல் நாட்டுச் செய்தி. அயல் மதத்துச் செய்தி' என்று நம்மவர் ஒதுங்கலாகாது. 2010-இல் சிங்கப்பூரில் தடுத்து வைக்கப்பட்ட தேசிய சேவை இளைஞன் ஒருவன் அவ்லாக்கியோடு இணைய வழியே தொடர்பு கொண்டவன். அவன் முஸ்லிம். ஆனால் 2020 டிசம்பரில் அங்கே தடுத்து வைக்கப்பட்ட 16 வயது மாணவனோ இந்திய வமிசத்தவன், புராட்டஸ்டண்டு கிறித்துவன். 2019-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 51 முஸ்லிம்களைக் கொன்றவனின் காணொளியால் மனங்கெட்டு, இரு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டான். நோய்க்கு மதமும் இனமும் இல்லை. அது புகும் வாயில் ஒன்றே. எதிர்க்கேள்வி இல்லாத தனிமையே அவ்வாயில்.

மருந்தும் அங்கேயே கிடைத்தது. 2003-இல் சிங்கப்பூர் உஸ்தாதுகள் சிலர் தாமாக முன்வந்து, தடுப்புக்காவலில் இருந்தோருடன் அமர்ந்து வாதிடும் குழுவொன்றை அமைத்தனர். கெட்ட போதனைக்கு நல்ல போதனையால், முகத்துக்கு முகம் நின்று விடையிறுத்தனர். தம் சமூகத்துப் புண்ணைத் தாமே ஆற்ற முன்வந்த அவர்களை நாம் மனமாரப் பாராட்டல் வேண்டும்.

நம் சீர்திருத்த மேடைகளில் பேசுவோன் எத்துணைப் பெரியவனாயினும் அவையோர் கேள்விக்கு இடங்கொடுத்தல் மரபு. அம்மரபு மேடையோடு நின்றுவிடலாகாது. தோட்டத்து லயத்திலும் நகரத்து அடுக்கு வீட்டிலும் இன்று பிள்ளைகளின் கையிற் கைத்தொலைபேசி உண்டு. அதிற் பேசும் சாமியார் உண்டு, பாதிரியார் உண்டு, தலைவர் உண்டு. கருவியைப் பிடுங்குவதால் மட்டும் பயனில்லை. 'இன்று யார் பேசக் கேட்டாய்? என்ன சொன்னார்? அதற்குச் சான்று என்ன?' என்று தந்தையும் தாயும் நாள்தோறும் அன்போடு கேட்பாராக. கேட்கப்பட்ட பிள்ளை கேட்கப் பழகும். கேட்கப் பழகிய பிள்ளையை எந்தக் குரலும் எளிதில் அடிமை கொள்ளாது.