காற்றுச்சுமைத் தூண்

காற்றுச்சுமைத் தூண் என்பது, காற்றின் விசையால் சுவர் வளைந்து உடையாமல் இருப்பதற்காக, செங்கல் அல்லது காங்கிறீட்டுக் கற்களாலான சுவரினுள் நிலைக்குத்தாக நிறுவப்படும் உருக்கு உறுப்பு ஆகும். ஆங்கிலத்தில் இது "விண்ட்போஸ்ட்" எனப்படுகின்றது. பிரித்தானியாவில், சட்டகக் கட்டிடங்களின் நீண்ட அல்லது உயரமான சுவர்களில் இது பரவலாகப் பயன்படுகின்றது. இத்தூண் தளத்தின் அல்லது கூரையின் சுமையைத் தாங்குவதில்லை. சுவரின் மீது பக்கவாட்டில் தாக்கும் விசையைக் கட்டிடச் சட்டகத்துக்குக் கடத்துவதே இதன் பணியாகும்.

தேவை

கற்சுவர் அமுக்க விசையை நன்கு தாங்கும். இழுவிசையை மிகக் குறைவாகவே தாங்கும். காற்று சுவரைத் தள்ளும்போது சுவர் வளைகின்றது. அப்போது அதன் ஒரு பக்கத்தில் இழுவிசை உருவாகிச் சாந்து மூட்டுகள் பிளக்கின்றன. சட்டகக் கட்டிடங்களில் சுவரின் மேல் கூரைச் சுமை அமராததால், அதனை அழுத்தி நிறுத்தும் எடையும் குறைவு. காற்று தள்ளுவது மட்டுமன்றி, கட்டிடத்தின் மறுபக்கங்களில் சுவரை வெளிநோக்கி உறிஞ்சவும் செய்கின்றது.

காற்றழுத்தம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதமானது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். நொடிக்கு 40 மீட்டர் வேகமுள்ள காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 960 நியூட்டன். 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட சுவரில் இது ஏறத்தாழ 17,000 நியூட்டன், அதாவது 1.7 தொன் எடைக்கு நிகரான விசையாகும். கட்டிடத்தின் வடிவத்தையும் உயரத்தையும் பொறுத்து இது கூடவோ குறையவோ செய்யும்.

இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட சுவரில், வளைவுத் திருப்பம் தாங்கிடை நீளத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆகவே மேற்கூறிய சுவரின் நடுவில் ஒரு தூணை நிறுவித் தாங்கிடை நீளத்தை 3 மீட்டராக்கினால், சுவரின் நடுப்பகுதியில் ஏற்படும் திருப்பம் பெருமளவு குறைகின்றது. பெரிய சாளரங்களின் ஓரங்களிலும், அசைவு மூட்டுகளின் அருகிலும் இத்தூண்கள் தேவைப்படுவதுண்டு.

அமைப்பு

இரண்டு படைகளுக்கு நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டப்படும் சுவர்களில், மடித்த உருக்குத் தகட்டாலான தூண் அவ்வெற்றிடத்தினுள் பொருத்தப்படும். ஈரம் படும் இடமாதலால் துருவேறா உருக்கு விரும்பப்படுகின்றது. தூணின் அடி தளத்துடனும், தலை மேலுள்ள உத்தரத்துடனும் மரையாணிகளால் பிணைக்கப்படுகின்றன. மேலுள்ள தளம் சற்றுத் தாழ்ந்தாலும் அதன் சுமை தூணில் இறங்காதவாறு, தலைப் பிணைப்பில் நீள்துளைகள் விடப்படுவதுண்டு. தூணில் இருந்து கிடையாக நீளும் உலோகப் பிணைப்பிகள் சாந்து மூட்டுகளில் பதிக்கப்படுகின்றன.

பிணைப்பின் முக்கியத்துவம்

காற்று விசை சுவரில் இருந்து பிணைப்பிகளுக்கும், அவற்றில் இருந்து தூணுக்கும், பின்னர் சட்டகத்துக்கும் செல்கின்றது. இவற்றுள் ஒன்று தவறினாலும் வலிமையான தூணால் பயனில்லை.

சுவர்களில் பிணைப்புக் குறைவதன் விளைவை ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகர நிகழ்வு காட்டியது. 2016 சனவரி 29 அன்று புயற்காற்றின்போது, ஒக்சுகாங்சு தொடக்கப் பள்ளியின் சுவர் ஒன்றின் வெளிப்படை சரிந்து, ஏறத்தாழ 9 தொன் கட்டுவேலை விழுந்தது. பிள்ளைகள் வருவதற்கு முன் நிகழ்ந்ததால் எவரும் காயமடையவில்லை. தொடர்ந்து நடந்த சோதனைகளில் வேறு பள்ளிகளிலும் குறைகள் தெரியவந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் 17 பள்ளிகள் மூடப்பட்டன. 7,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பாதிக்கப்பட்டனர். சுவரின் இரு படைகளையும் இணைக்கும் பிணைப்பிகள் வெளிப்படையினுள் போதிய ஆழம் பதிக்கப்படாததே சரிவுக்குக் காரணம் என, பேராசிரியர் சான் கோல் தலைமையிலான விசாரணையின் 2017 அறிக்கை கூறியது. தேவையான ஆழம் 50 மில்லிமீட்டர் மட்டுமே.

சுவர் எழுந்தபின் தூணும் பிணைப்பிகளும் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே ஒவ்வொரு வரிசையும் மூடப்படுமுன் அவற்றைச் சோதித்துப் பதிவு செய்தல் இன்றியமையாததாகும்.

மாற்று முறைகள்

குறுக்குச் சுவர்கள், உதைசுவர்கள், வலிதாக்கிய காங்கிறீட்டுத் தூண்கள், கிடை மூட்டுகளில் இடப்படும் உருக்குக் கம்பிகள் ஆகியவையும் இதே நோக்கத்துக்குப் பயன்படுகின்றன.