பிரிட்டன் வாழ்க்கைத் துணை விசா: 29,000 பவுண்டு வருமான விதி கூறுவது என்ன?

பிரிட்டனில் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்ற ஒருவரை மணந்து, அங்குக் குடியேற இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் கணவனோ மனைவியோ நிறைவு செய்ய வேண்டிய நிபந்தனைகளில் கடினமானது நிதித் தகுதி. திருமணம் உண்மையானது என்பதில் ஐயம் இல்லாதபோதும், ஒரு மாத ஊதியச் சீட்டு விடுபட்டாலோ, சேமிப்புக்கு ஆறு மாத காலம் நிறையாவிட்டாலோ விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அதன் விளைவாகத் தம்பதியர் மேலும் பல மாதங்கள் பிரிந்திருக்க நேரிடும். செலுத்திய விண்ணப்பக் கட்டணமும் திரும்பக் கிடைக்காது.

குடும்பத்தின் மொத்தச் செல்வ வளத்தை இவ்விதி அளப்பதில்லை. வருமானம் யாருடையது, எவ்வகையைச் சேர்ந்தது, எத்தனை மாதங்களுக்குச் சான்று உள்ளது என்னும் மூன்று கேள்விகளே அதன் அடிப்படை.

யாருக்குப் பொருந்தும்?

துணைவர் பிரிட்டன் குடிமகனாகவோ, நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ, அகதித் தகுதி உள்ளவராகவோ இருந்தால் இவ்விதி பொருந்தும். திறன்மிகு பணியாளர் விசாவில் பிரிட்டனில் பணிபுரியும் இந்தியர்கள் தம் கணவனையோ மனைவியையோ சார்ந்திருப்பவர் விசாவில் அழைக்கும்போது 29,000 பவுண்டு விதி பொருந்தாது. அவ்வகையில் துணைவருக்கென 285 பவுண்டு இருப்பு 28 நாள்களுக்குக் காட்டப்பட வேண்டும். அல்லது பணியளிக்கும் நிறுவனம் அதற்கு உறுதியளிக்கலாம். எனினும், எல்லாப் பணியாளர்களுக்கும் குடும்பத்தை அழைக்கும் உரிமை இல்லை. 2024 மார்ச் 11 முதல் புதிதாக விண்ணப்பிக்கும் முதியோர் பராமரிப்புப் பணியாளர்களுக்கு அவ்வுரிமை நீக்கப்பட்டது. எனவே, எந்த வகை விசா என்பதை முதலில் உறுதி செய்துகொள்வது அவசியம்.

தொகை உயர்ந்த வரலாறு

2012 ஜூலை 9-க்கு முன்னர் குறிப்பிட்ட வருமான வரம்பு ஏதும் இல்லை. அரசு உதவியின்றி வாழப் போதிய வசதி உள்ளதா என்பது மட்டுமே பார்க்கப்பட்டது. அன்று முதல் ஆண்டுக்கு 18,600 பவுண்டு என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், 2017 பிப்ரவரி 22 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரம்பு சட்டப்படி செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அதே வேளையில், குழந்தைகளின் நலனுக்கும் மாற்று நிதி ஆதாரங்களுக்கும் விதிகளில் உரிய இடம் அளிக்கப்படவில்லை எனச் சுட்டிக்காட்டியது. அதைத் தொடர்ந்து அவ்வாண்டு ஆகஸ்டில் விதிகள் திருத்தப்பட்டன.

2023 டிசம்பரில் அப்போதைய உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி, வரம்பு 38,700 பவுண்டாக உயர்த்தப்படும் என அறிவித்தார். பின்னர் அது படிப்படியான உயர்வாக மாற்றப்பட்டு, முதற்கட்டமாக 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூலையில் பொறுப்பேற்ற தொழிற்கட்சி அரசு அடுத்த கட்ட உயர்வுகளை நிறுத்திவைத்து, குடியேற்ற ஆலோசனைக் குழுவின் ஆய்வுக்கு விட்டது. 2025 ஜூனில் வெளியான அக்குழுவின் அறிக்கை, 23,000 முதல் 25,000 பவுண்டு வரையிலான வரம்பையும் பரிசீலிக்கலாம் என்றது. 38,700 பவுண்டு வரம்பை ஏற்கவில்லை. இவை பரிந்துரைகள் மட்டுமே.

2024 ஏப்ரல் 11-க்கு முன் விண்ணப்பித்து இவ்வகை விசா பெற்றவர்கள், அதே துணைவருடன் நீட்டிப்புக் கோரும்போது பழைய 18,600 பவுண்டு வரம்பே பொருந்தும். புதிய வரம்பில் குழந்தைகளுக்கெனக் கூடுதல் தொகை சேர்க்கப்படுவதில்லை.

2025 ஏப்ரலில் பிரிட்டனில் 21 வயது நிறைந்தோருக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. வாரம் 37.5 மணி நேரம் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் அதன்படி கிடைத்தது ஏறத்தாழ 23,800 பவுண்டு. அதாவது, குறைந்தபட்ச ஊதியத்தில் முழுநேரப் பணி செய்யும் ஒருவர், அந்த ஊதியத்தை மட்டும் காட்டித் தம் துணையை அழைத்துக்கொள்ள இயலாது.

யாருடைய வருமானம்?

இந்திய விண்ணப்பதாரர்கள் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ள இடமுள்ள பகுதி இது. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர் பெங்களூரிலோ புனேயிலோ உயர் ஊதியத்தில் பணிபுரிந்தாலும், அந்த ஊதியம் கணக்கில் சேராது. பிரிட்டனில் கிடைக்கவிருக்கும் வேலைக்கான நியமனக் கடிதமும் அவருக்கு உதவாது. பிரிட்டனில் உள்ள துணைவரின் ஊதியமே பார்க்கப்படும். விண்ணப்பதாரர் ஏற்கெனவே பிரிட்டனில் பணி அனுமதியுடன் இருந்தால் மட்டும் இருவர் ஊதியமும் சேர்த்துக் கணக்கிடப்படும்.

ஊதியம் அல்லாத வருமானம் இருவருக்கும் பொருந்தும். விண்ணப்பதாரருக்குச் சொந்தமான, இருவரும் குடியிராத வீட்டின் வாடகை, பங்கு ஈவுத்தொகை, வட்டி, ஓய்வூதியம் ஆகியவற்றை உரிய சான்றுகளுடன் சேர்க்கலாம். பெற்றோர் மாதந்தோறும் உதவுவதாக அளிக்கும் உறுதிமொழி பொதுவாக ஏற்கப்படுவதில்லை. விசா மறுப்பு குடும்ப வாழ்வையோ குழந்தையின் நலனையோ மிகக் கடுமையாகப் பாதிக்கும் விதிவிலக்கான சூழலில் மட்டுமே அத்தகைய ஆதாரம் பரிசீலிக்கப்படும்.

பிரிட்டன் குடிமகன் இந்தியாவில் துணையுடன் வசித்து, இருவரும் சேர்ந்து அங்குத் திரும்புவதாக இருந்தால், அவர் இந்தியாவில் பெற்றுவரும் வருமானமும் வரம்பை எட்ட வேண்டும். பிரிட்டனில் மூன்று மாதங்களுக்குள் தொடங்கும், அதே அளவு ஊதியம் உள்ள பணியும் உறுதியாகியிருக்க வேண்டும்.

சான்றுகளும் கால அளவும்

ஒரே நிறுவனத்தில் ஆறு மாதங்களுக்கு மேல் பணிபுரியும் துணைவர், ஆறு மாத ஊதியச் சீட்டுகள், அந்த ஊதியம் வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கு அறிக்கைகள், நிறுவனத்தின் கடிதம் ஆகியவற்றை அளிக்க வேண்டும். பதவி, ஆண்டு ஊதியம், பணிக்காலம், தற்போதைய ஊதியத்தைப் பெற்றுவரும் காலம், பணி நிரந்தரமானதா என்பன கடிதத்தில் இடம்பெற வேண்டும். வரிப் பிடித்தத்துக்கு முந்தைய ஊதியமே கணக்கு. மாத ஊதியம் பெறுவோருக்கு அந்த ஆறு மாதங்களில் எது குறைந்த ஊதிய நிலையோ, அதைக் கொண்டே ஆண்டு ஊதியம் மதிப்பிடப்படும். ஆகவே, கடந்த மாதம் கிடைத்த ஊதிய உயர்வை நம்பி உடனே விண்ணப்பிப்பது பிழையாகிவிடும்.

ஆறு மாதங்களுக்குள் பணி மாறியவர்கள், தற்போதைய ஊதியத்துடன், கடந்த 12 மாதங்களில் உண்மையில் ஈட்டிய தொகையும் வரம்பை எட்டியதாகக் காட்ட வேண்டும். சுயதொழில் செய்வோருக்கு இறுதியாக முடிந்த முழு நிதியாண்டின் வருமானம், அல்லது கடைசி இரண்டு நிதியாண்டுகளின் சராசரி கணக்கிடப்படும். ஊதியச் சீட்டு, வங்கி அறிக்கை ஆகியவற்றின் கடைசித் தேதி, விண்ணப்ப நாளுக்கு முந்தைய 28 நாள்களுக்குள் இருக்க வேண்டும்.

சேமிப்பைக் கணக்கிடும் முறை

வருமானம் போதாதபோது சேமிப்பு துணைநிற்கும். அதில் முதல் 16,000 பவுண்டு கணக்கில் சேராது. பிரிட்டனில் வருமானம் சார்ந்த அரசு உதவிகளைப் பெறுவதற்கான சேமிப்பு வரம்பே இத்தொகைக்கு அடிப்படை. அதற்கு மேல், வருமானப் பற்றாக்குறையைப் போல இரண்டரை மடங்கு சேமிப்பு தேவை.

துணைவரின் ஆண்டு ஊதியம் 25,000 பவுண்டு எனில் பற்றாக்குறை 4,000. அதன் இரண்டரை மடங்கு 10,000; அதனுடன் 16,000 சேர்த்தால் 26,000 பவுண்டு சேமிப்பு வேண்டும். ஊதியம் 21,000 எனில் 36,000 பவுண்டு. வருமானமே இல்லையெனில் 88,500 பவுண்டு. சுயதொழில் வருமானத்துடன் சேமிப்பை இணைத்துக் கணக்குக் காட்ட இயலாது.

இப்பணம் விண்ணப்பதாரர் பெயரிலோ, துணைவர் பெயரிலோ, இருவர் பெயரிலுமோ இருக்கலாம். அதைப் பிரிட்டனுக்கு மாற்ற வேண்டியதில்லை. முறையாகக் கண்காணிக்கப்படும் இந்திய வங்கியில் இருந்தாலும் ஏற்கப்படும். ஆனால் தொடர்ந்து ஆறு மாதங்கள் அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும். அபராதம் செலுத்தியேனும் உடனே எடுக்கக்கூடியதாக இருந்தால் நிரந்தர வைப்பும் ஏற்கத்தக்கது. பெற்றோர் அன்பளிப்பாக அளித்த பணத்தைக் காட்டலாம். கடனாகப் பெற்றதைக் காட்ட இயலாது. பணம் வந்த வழியையும் விளக்க வேண்டும்.

வீடு, நிலம், நகை ஆகியவற்றின் மதிப்பு சேமிப்பாகாது. வீட்டை விற்றுப் பெற்ற பணமெனில், வீடு அவர்களுக்குச் சொந்தமாக இருந்த காலத்தையும் சேர்த்து ஆறு மாதம் கணக்கிடலாம். ரூபாயில் உள்ள தொகை, விண்ணப்ப நாளன்று ஓவாண்டா இணையதளத்தில் உள்ள மாற்று விகிதப்படி பவுண்டாக மதிப்பிடப்படும். ரூபாய் மதிப்பு சற்றே சரிந்தாலும் தொகை குறைந்துவிடும் என்பதால், வரம்புக்கு மேல் ஓரளவு கூடுதலாக வைத்திருப்பது நலம்.

விலக்கும் செலவும்

மாற்றுத்திறனாளிகளுக்கோ அவர்களைப் பராமரிப்போருக்கோ வழங்கப்படும் குறிப்பிட்ட அரசு உதவித்தொகைகளைத் துணைவர் பெற்றுவந்தால், 29,000 பவுண்டு வரம்பிலிருந்து விலக்கு உண்டு. அரசு உதவிக்கு மேலும் சுமையாகாமல் வாழ இயலும் என்பதை மட்டும் காட்டினால் போதும்.

2025 ஏப்ரல் கட்டண அட்டவணைப்படி, வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கக் கட்டணம் 1,938 பவுண்டாக இருந்தது. சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம், 33 மாத விசாவுக்கு 3,105 பவுண்டு. நிராகரிக்கப்பட்டால் சுகாதாரக் கட்டணம் மட்டும் திருப்பித் தரப்படும். மனித உரிமை அடிப்படையில் 28 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்; அல்லது குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம். போலி ஊதியச் சீட்டோ வங்கி அறிக்கையோ அளித்தது தெரியவந்தால், பத்தாண்டுகள் வரை விசா மறுக்கப்படக்கூடும்.

நிதித் தகுதி ஒருமுறையோடு முடிவதில்லை. 33 மாதங்கள் முடிந்து நீட்டிப்புக் கோரும்போதும், ஐந்தாண்டு நிறைவில் நிரந்தர வசிப்புரிமை கோரும்போதும் மீண்டும் மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே, திருமண நாள் முடிவானவுடனேயே ஊதியச் சீட்டுகளையும் வங்கி அறிக்கைகளையும் மாதவாரியாகத் தொகுக்கத் தொடங்குவதும், ஆறு மாத காலம் நிறைந்த பின்னர் விண்ணப்பிப்பதும், அவசரத்தால் நேரும் நீண்ட பிரிவைத் தவிர்க்க உதவும்.