தண்டப்பணம் வணிகமான வரலாறு

யப்பானின் பழைய தலைநகராகிய கியோத்தோவில் 1997ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் நிறைவேறிய உடன்படிக்கையைப் பற்றிப் பலரும் அறிந்திருப்பது இவ்வளவே: கைத்தொழில் நாடுகள் தம் பச்சைவீட்டு வாயுக்களின் வெளியேற்றத்தை, 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து, 2008க்கும் 2012க்கும் இடைப்பட்ட காலத்திற் சராசரி 5.2 வீதம் குறைக்க ஒப்பின, அமெரிக்கா விலகிக்கொண்டது, உடன்படிக்கை நொடிந்தது. இது பொய்யன்று. ஆனால் அவ்வுடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரை எவ்வாறு பிறந்தது என்ற கதை இச்சுருக்கத்தில் இடம்பெறுவதில்லை. செல்வ நாடுகளிடம் அறவிடுமாறு கேட்கப்பட்ட தண்டப்பணம் ஒன்று, அந்நாடுகளே விலைகொடுத்து வாங்கும் சரக்காக உருமாறிய கதை அது. பின்வந்த உடன்படிக்கைகளின் போக்கை விளங்கிக்கொள்ள விரும்புவோர் அக்கதையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

காபனீரொட்சைட்டு வளிமண்டலத்திற் சேர்ந்தால் எளிதில் நீங்குவதில்லை. அதிற் கணிசமான ஒரு பகுதி நூற்றாண்டுகள் கடந்தும் அங்கேயே தங்கியிருக்கும். ஆகவே இன்று உலகு உணரும் வெப்பத்தில் இன்றைய புகைபோக்கிகளுக்கு மட்டுமன்றி, லங்காசயரின் பஞ்சாலைகளுக்கும், ரூர்ப் பிரதேசத்தின் உருக்காலைகளுக்கும், டெட்ரொயிற்றில் உருவான மோட்டார் வண்டிகளுக்கும் பங்குண்டு. கைத்தொழிற் புரட்சி தொட்டு எரிபொருள்களிலிருந்து எழுந்த காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு ஐக்கிய அமெரிக்கா ஒன்றினுடையது. உலக மக்களில் அந்நாட்டாரோ நூற்றுக்கு ஐவரிலும் குறைவு.

இந்த உண்மையை ஏழை நாடுகளின் பக்கத்திலிருந்து முதன்முதற் கூர்மையாக எழுதியோரில் டில்லியைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் குறிப்பிடத்தக்கவர்கள். ‘சமத்துவமற்ற உலகிற் புவி வெப்பமுறல்’ என்ற அவர்களின் சிறுநூல் 1991இல் வெளிவந்தது. இந்தியாவையும் சீனாவையும் முன்வரிசையில் நிறுத்தி வாஷிங்டன் ஆய்வு நிறுவனமொன்று வெளியிட்ட கணக்குக்கு அது மறுமொழி. நெல்வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் எழும் மெதேனையும் ஆடம்பர மோட்டார் வண்டியின் புகையையும் ஒரே தராசில் இடுதல் தகுமோ என அவர்கள் வினவினர். உயிர் வாழ்தற்கான வெளியேற்றம் வேறு, சுகபோகத்துக்கான வெளியேற்றம் வேறு என்ற பாகுபாடு அந்நூலாற் பரவிற்று. மறு ஆண்டு ஜூன் மாதம் றியோ டி ஜெனீரோவிற் கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட காலநிலைச் சாசனம், நாடுகளின் பொறுப்பு ‘பொதுவானது, ஆனால் வேறுபட்டது’ என்று எழுதிக்கொண்டது. கடன் உண்டென்பது மறைமுகமாகவேனும் ஏற்கப்பட்டது. தொகையும் தவணையும் குறிக்கப்படவில்லை.

தொகையைக் கணக்கிட ஒரு வழியைக் காட்டியது பிரேசில். கியோத்தோ மகாநாட்டுக்கு ஆறு மாதங்களின் முன்னர், 1997 மே மாத இறுதியில், அந்நாடு ஒரு முன்மொழிவைச் சமர்ப்பித்தது. ஒரு நாட்டின் பொறுப்பை அது இவ்வாண்டு வெளியேற்றும் வாயுவைக்கொண்டு அளத்தல் கூடாது. இதுவரை அதனால் உலகின் வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தது என்பதைக்கொண்டே அளத்தல் வேண்டும் என்பது அதன் முதற்கூறு. குறித்த எல்லையை மீறும் கைத்தொழில் நாடு மீறிய அளவுக்குத் தண்டம் செலுத்த வேண்டும். அப்பணம் ‘தூய அபிவிருத்தி நிதியம்’ ஒன்றிற் சேர்ந்து ஏழை நாடுகளுக்குச் செல்ல வேண்டும் என்பது இரண்டாவது. வளர்முக நாடுகளின் கூட்டமைப்பாகிய எழுபத்தேழின் குழுவும் சீனாவும் நிதியக் கருத்தை ஆதரித்தன.

அமெரிக்காவின் நிலை வேறு. அதன் செனற் சபை அவ்வாண்டு ஜூலை 25ஆம் நாள் 95 வாக்குகளால், எதிர்ப்பு ஒன்றேனுமின்றி, ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. வளர்முக நாடுகளும் அதே காலத்திற் கட்டுப்படாத எந்த உடன்படிக்கையையும், அமெரிக்கப் பொருளாதாரத்துக்குப் பெருந் தீங்கு விளைக்கும் எந்த உடன்படிக்கையையும் ஏற்பதில்லை என்பதே அதன் சாரம். ஆகவே அமெரிக்கத் தூதுக்குழுவினர் வேண்டியது, வீட்டிற் குறைக்காமல் வெளியிற் குறைத்ததாகக் கணக்குக் காட்டும் வசதி. மகாநாட்டுக்கு முந்திய வாரங்களில் அவர்களும் பிரேசிலின் பிரதிநிதிகளும் கூடிப் பேசினர். பேச்சு முடிந்தபோது ‘தூய அபிவிருத்தி’ என்ற சொற்கள் இரண்டும் அப்படியே இருந்தன. ‘நிதியம்’ என்பது ‘பொறிமுறை’ ஆகியிருந்தது. எல்லையை மீறுவோன் தண்டங் கட்டுதல் என்பது போய், எல்லையை மீற விரும்புவோன் ஏழை நாட்டிலிருந்து அனுமதி வாங்குதல் என்பது வந்தது. பேச்சுவார்த்தைகளுக்குத் தலைமை தாங்கிய ஆர்ஜென்ரீன இராஜதந்திரி றவுல் எஸ்ட்ராடா விடிய விடிய நடந்த இறுதிக் கூட்டத்தில் உறுப்புரை உறுப்புரையாக ஒப்புதல் பெற்றபோது இதுவும் ஏற்கப்பட்டது. உடன்படிக்கையை மீறினால் என்ன தண்டனை என்பது பிந்திய கூட்டங்களுக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஈற்றில் விதிக்கப்பட்டது பணமன்று: மீறிய தொகையின் 1.3 மடங்கை அடுத்த காலப்பகுதியிற் குறைக்க வேண்டும் என்பதே.

பொறிமுறை இயங்கியவாறு இது. ஏழை நாட்டிலுள்ள ஆலையொன்று, வழமைபோல நடந்திருப்பின் வெளியேற்றியிருக்கக்கூடிய அளவிலும் குறைவாக வெளியேற்றுமாயின், குறைந்த தொன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று வழங்கப்படும். அதனை வாங்கும் நாடு அத்தொன்னைத் தன் மண்ணில் வெளியேற்றிக்கொள்ளலாம். நடவாத ஒன்றை அளந்து விற்கும் சந்தை இது. அளவு மிகுவதில் விற்போனுக்கும் இலாபம், வாங்குவோனுக்கும் இலாபம். கலப்படஞ் செய்த பாலை வாங்குவோனாவது முறையிடுவான். இங்கு முறையிட எவருமில்லை.

விளைவு என்ன? குளிர்சாதனங்களுக்கு வேண்டிய எச்.சி.எப்.சி. 22 என்னும் வாயுவைச் செய்யும்போது எச்.எப்.சி. 23 என்ற கழிவு வாயு உண்டாகின்றது. உடன்படிக்கையின் கணக்கில் அதன் ஒரு தொன் காபனீரொட்சைட்டின் 11,700 தொன்களுக்குச் சமம். அதனை எரித்தழிப்பது மலிவான வேலை. சீனாவிலும் இந்தியாவிலும் பெரும்பாலும் அமைந்த, இருபதுக்கும் குறைவான ஆலைகள், பொறிமுறையின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட சான்றுகளில் ஏறக்குறைய அரைவாசியைப் பெற்றன. 2007இல் மைக்கல் வாரா என்னும் ஆய்வாளர் ‘நேச்சர்’ இதழிற் கணக்கிட்டுக் காட்டினார்: அழிக்கும் செலவு 10 கோடி யூரோவுக்கும் குறைவு, அதற்கான சான்றுகளின் பெறுமதியோ 470 கோடி யூரோ வரை. குளிரூட்டியை விற்பதிலும் கழிவை எரிப்பதே கூடிய வருவாய் தந்தது. சீன அரசாங்கம் இச்சான்றுகளின் வருமானத்தில் 65 வீதத்தை அறவிட்டுத் தன் நாட்டுக்கெனத் தனி நிதியமொன்றை அமைத்துக்கொண்டது. வேடிக்கையான போதும் புத்திசாலித்தனமான செயல். ஐரோப்பிய ஒன்றியம் 2013 மே மாதத்திலிருந்து இவ்வகைச் சான்றுகளைத் தன் சந்தையில் ஏற்க மறுத்தது. அதற்குள் 2008இல் 20 யூரோவளவில் விற்ற சான்று ஒரு யூரோவுக்கும் கீழே வீழ்ந்திருந்தது. ஆபிரிக்காவின் வறிய நாடுகளுக்கு இச்சந்தையிற் கிட்டிய பங்கு மிகச் சொற்பம். எரித்தழிக்கத்தக்க கழிவை உண்டாக்கும் ஆலைகளே அங்கு அரிதல்லவா?

தண்டத்தின் எச்சமாக ஒன்று மட்டும் பிழைத்தது. பாதிப்புக்கு இசைவாகத் தம்மை மாற்றிக்கொள்ளும் நாடுகளின் பொருட்டு, சான்றுகளில் 2 வீதம் கழித்துக்கொள்ளப்பட்டது. ஆயின் அது கழிக்கப்பட்டது வளர்முக நாடுகளின் திட்டங்களிலிருந்து! பணக்கார நாடுகள் தமக்குள் நடத்திய கொடுக்கல் வாங்கலுக்கு அவ்வறவீடு முதலில் விதிக்கப்படவேயில்லை.

கியோத்தோவின் முடிவை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஜோர்ஜ் புஷ் 2001 மார்ச்சில் அதனைக் கைவிட்டார். ருஷ்யா ஏற்ற பின்னரே 2005 பெப்ரவரி 16இல் அது நடைமுறைக்கு வந்தது. சோவியத் ஆட்சி வீழ்ந்து ஆலைகள் மூடப்பட்டமையால் ருஷ்யாவும் உக்ரேனும் எதுவுஞ் செய்யாமலே எல்லைக்கு மிகக் கீழே நின்றன. தொழிலாளர் வேலையிழந்ததன் பயன் விற்பனைக்குரிய மிகையாயிற்று. மணலெண்ணெய் அகழ்ந்துகொண்டிருந்த கனடா, எல்லையை எட்ட முடியாதென உணர்ந்ததும், 2011 டிசம்பரில் விலகல் அறிவித்தலைக் கையளித்தது. தண்டம் இருந்திருப்பின் அத்துணை இலேசாக வெளியேறியிருக்குமா என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இங்கு மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 2006 அளவிலிருந்து வருடாந்த வெளியேற்றத்தில் சீனாவே முதலிடத்தில் உள்ளது. ‘வேறுபட்ட பொறுப்பு’ என்ற நியாயமான சொல்லின் நிழலில் வளர்முக நாடுகளின் முதலாளிகளும் எண்ணெய் வள நாடுகளின் மன்னர்களும் வசதியாக ஒதுங்கிக்கொண்டனர். நாடு என்ற கணக்கலகு அவர்களுக்கும் உதவிற்று. அனில் அகர்வால் பேசிய நெல் விவசாயியின் பெயரால் மும்பாய் மாளிகைக்காரனும் விலக்குப் பெறுவது அந்நூலின் நோக்கமாக இருந்திருக்க முடியாது.

2015 டிசம்பர் 12இல் பாரிசில் எல்லா நாடுகளும் தத்தம் இலக்கைத் தாமே எழுதிக்கொள்ளும் முறை ஏற்கப்பட்டது. இறுதி நகலிற் கைத்தொழில் நாடுகள் முன்னின்று குறைத்தல் கட்டாயம் என்ற பொருளில் ஒரு வினைச்சொல் இருந்தது; அமெரிக்கா மறுத்தது; செயலகத்தார் எழுத்துப் பிழைகளோடு பிழையாக அதனையும் வாசித்து, ‘குறைப்பது தகும்’ என்ற பொருள்படத் திருத்தினர். இழப்பும் சேதமும் பற்றிய உறுப்புரை நட்டஈட்டுக்கு அடிப்படையாகாது என்றும் உடன்வந்த தீர்மானத்தின் 51ஆம் பந்தியில் எழுதப்பட்டது. ஏழு ஆண்டுகளின் பின் எகிப்தில் இழப்புக்கென ஒரு நிதியம் ஏற்பட்டது. அதற்குக் கொடுப்பது கொடுப்போர் விருப்பம். அமெரிக்கா 2023இல் முதலில் வாக்களித்த தொகை 1 கோடி 75 இலட்சம் டொலர். அந்நாடு 2025 ஜனவரியில் பாரிஸ் உடன்படிக்கையிலிருந்தே இரண்டாம் முறை விலக ஆணை பிறப்பித்தது.

பசுபிக் சமுத்திரத்திலுள்ள சின்னஞ்சிறு வனுவாட்டு, சிறுதீவு நாடுகளின் சார்பில், கடல் ஏறி அழியும் நிலத்துக்குக் கைத்தொழில் நாடுகள் கட்டாய நிதி செலுத்த வேண்டுமென 1991இலேயே கேட்டிருந்தது. அது றியோவின் சாசனத்தில் இடம்பெறவில்லை. 2019இல் தென் பசுபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர் 27 பேர், இவ்விடயத்தைச் சர்வதேச நீதிமன்றத்தின் முன் வைக்குமாறு தம் அரசாங்கங்களைக் கோரினர். வனுவாட்டு முன்னின்று நாடுகளைத் திரட்டியது. 2025 ஜூலை 23இல் ஹேக் நகரில் நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தை வாசித்தது: காலநிலையைக் காக்கும் கடமையை மீறும் நாடு, மீறலுக்கும் சேதத்துக்கும் உள்ள தொடர்பு நிறுவப்படுமிடத்து, நட்டஈடு உட்பட முழுப் பரிகாரமும் செய்யக் கடப்பாடுடையது. ஆலோசனைக் கருத்தாதலின் அதனைக்கொண்டு ஒரு சதமேனும் அறவிட இயலாது. வழக்குத் தொடர விரும்பும் தீவுகளின் சட்டத்தரணிகள் இப்போது அதனைப் படித்துக்கொண்டிருப்பர்.