பணப்பை ஒருவர் கையில், லத்தி மற்றொருவர் கையில்

அமெரிக்காவில் காவல் துறையின் அத்துமீறல் செய்தியாகும்போதெல்லாம், குடிமக்கள் கண்காணிப்புக் குழு வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. குழு அமைப்பது எளிது. அதன் கேள்விகளுக்குப் பதில் பெறுவதுதான் கடினம். லாஸ் ஏஞ்சலீஸ் கவுன்டியின் அனுபவம் இதற்குத் தக்க சான்று.

கவுன்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் போன்றது. ஆனால், ஆட்சியர் கிடையாது. சுமார் ஒரு கோடி மக்கள் வாழும் இந்தக் கவுன்டியை ஐந்தே உறுப்பினர்கள் கொண்ட மேற்பார்வையாளர் வாரியம் ஆள்கிறது. விதிகளை இயற்றுவதும் அவர்களே, நிர்வாகத்தை நடத்துவதும் அவர்களே. ஓர் உறுப்பினருக்கு இருபது லட்சம் பேர்! எண்ணிக்கையை ஒன்பதாக உயர்த்த வாக்காளர்கள் 2024-இல்தான் ஒப்புதல் அளித்தனர்.

கவுன்டியின் காவல் துறைத் தலைவர் ஷெரிஃப். சிறைகளும் அவர் பொறுப்பே. நம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை அரசு நியமிக்கிறது, இடம் மாற்றுகிறது. கலிபோர்னியாவிலோ, ஷெரிஃப் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று மாநில அரசமைப்புச் சட்டமே கூறுகிறது. ஆகவே, வாரியம் அவருடைய துறைக்கு நிதி ஒதுக்கலாம். புலனாய்வை எப்படி நடத்துவது என்று அவருக்கு உத்தரவிட முடியாது. துறையின் தவறுகளுக்கான இழப்பீடு மட்டும் வரிப்பணத்திலிருந்து போகிறது.

பணம் கொடுப்பவரைவிட வேலை செய்பவருக்குத் தகவல் அதிகம் தெரிந்திருந்தால் கட்டுப்பாடு யாரிடம் இருக்கும்? பொருளியல் வகுப்புகளில் நான் பல்லாண்டுகள் கேட்ட கேள்வி இது. நிலக்கிழார்–குத்தகைதாரர் உறவை உதாரணமாகச் சொல்வேன். இந்தக் கவுன்டி அதைவிடப் பொருத்தமான உதாரணம் என்று இப்போது தோன்றுகிறது.

கவுன்டி சிறைகளில் கைதிகள் தாக்கப்பட்ட விவகாரம் இதன் விலையைக் காட்டியது. அது குறித்த மத்தியப் புலனாய்வைத் தடுத்த குற்றத்துக்காக முன்னாள் ஷெரிஃப் லீ பாக்கா 2017-இல் தண்டிக்கப்பட்டார். இதற்கிடையே தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒன்றும், 2016-இல் ஒன்பது உறுப்பினர் கொண்ட குடிமக்கள் கண்காணிப்பு ஆணையமும் உருவாயின. மேற்பார்வையாளர் ஒவ்வொருவரும் ஆணையத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்வு செய்கிறார். எஞ்சிய நால்வரை வாரியம் கூட்டாக நியமிக்கிறது. விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம், ஆவணம் கேட்டு மறுக்கப்பட்டால் ஆணையம் என்ன செய்யும்? தொடக்கத்தில் எதுவும் செய்ய இயலாது.

அழைப்பாணை அனுப்பும் அதிகாரத்தை 2020 மார்ச்சில் வாக்காளர்கள் நேரடியாக வழங்கினர். அதே ஆண்டு இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் எல்லாக் கவுன்டிகளுக்கும் அந்த வழியைத் திறந்தது. ஆயினும், அப்போதைய ஷெரிஃப் அலெக்ஸ் வியனுவேவா ஆணையத்தின் அழைப்பாணைகளை எதிர்த்தார். விவகாரம் நீதிமன்றம் சென்றது. தம்மைத் தேர்ந்தெடுத்தவர்கள் மக்களே என்பது அவர் தரப்பின் பலம். அதை வெற்று வாதம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தல், நேற்றிரவு சிறையறையில் நடந்ததை விசாரிக்காது.

2022 நவம்பரில் வாக்காளர்கள் இரண்டையும் ஒரே நாளில் செய்தனர். வியனுவேவாவைத் தோற்கடித்து ராபர்ட் லூனாவைத் தேர்ந்தெடுத்தனர். உரிய காரணம் இருப்பின், ஐவரில் நால்வரின் வாக்கால் ஷெரிஃபை நீக்கும் அதிகாரத்தை வாரியத்துக்கு அளித்தனர். தவறிழைத்த காவலர்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மட்டும் இன்றும் ஷெரிஃபிடமே இருக்கிறது. ஆணையம் பரிந்துரைதான் செய்யலாம்.