ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து: வீரர் பரிமாற்றக் காலத்தில் சீர்திருத்தம் ஏன் கோரப்படுகிறது?

ஏ.எஃப்.எல். எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கின் வீரர் பரிமாற்றக் காலம் 2025 அக்டோபர் 15ஆம் தேதி இரவு 7.30 மணிக்கு நிறைவடைந்தது. எசண்டன் அணியின் அப்போதைய தலைவர் சாக் மெரட், ஹாதார்ன் அணிக்கு மாற விரும்பியும் அது கைகூடவில்லை. 2027 வரை அவருடன் ஒப்பந்தம் இருந்த நிலையில், எசண்டன் அவரை விடுவிக்கவில்லை. அதே நாள்களில், 2029 வரை மெல்போர்ன் அணியுடன் ஒப்பந்தம் செய்திருந்த கிறிஸ்டியன் பெட்ராக்கா கோல்டு கோஸ்ட் அணிக்கும், 2029 வரை கார்ல்டனுடன் ஒப்பந்தம் செய்திருந்த சார்லி கர்னோ சிட்னி அணிக்கும் மாறினர்.

நீண்டகால ஒப்பந்தம் ஒருவரைத் தடுத்து நிறுத்தியது. அதைவிட நீண்ட ஒப்பந்தங்கள் வேறு இருவரைத் தடுக்கவில்லை. ஒப்பந்தம் உண்மையில் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்ற இக்கேள்வியே பரிமாற்றக் காலச் சீர்திருத்தம் குறித்த விவாதத்தின் மையமாக உள்ளது.

பரிமாற்றம் நடைபெறும் முறை

ஏ.எஃப்.எல். தொடரில் தற்போது 18 அணிகள் விளையாடுகின்றன. இவற்றுள் 10 அணிகள் விக்டோரியா மாநிலத்தைச் சேர்ந்தவை. நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய மாநிலங்களுக்குத் தலா 2 அணிகள் உள்ளன. செப்டம்பர் இறுதியில் நடைபெறும் இறுதிப்போட்டிக்குப் பின், அக்டோபரில் ஏறத்தாழ பத்து நாள்கள் பரிமாற்றக் காலம் திறக்கப்படுகிறது. நவம்பரில், இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடைபெறுகிறது. பட்டியலில் கடைசி இடம் பெற்ற அணிக்கே டிராஃப்டில் முதல் வாய்ப்பு அளிக்கப்படுகிறது.

இந்திய ரசிகர்கள் நன்கறிந்த ஐபிஎல் கிரிக்கெட்டில் ஏலம் உண்டு; பணம் கொடுத்து மற்றொரு அணியின் வீரரைப் பெறவும் இயலும். 2024 தொடருக்கு முன் ஹர்திக் பாண்டியா குஜராத் டைட்டன்ஸிலிருந்து மும்பை இந்தியன்ஸுக்கு மாறியது அவ்வாறுதான். ஏ.எஃப்.எல். தொடரில் ஏலமும் இல்லை, வீரருக்காக அணிகளிடையே பணம் கைமாறும் வழக்கமும் இல்லை. வீரருக்கு ஈடாக மற்றொரு வீரரையோ டிராஃப்ட் தேர்வு உரிமையையோதான் வழங்க வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள வீரரை அவரது ஒப்புதலின்றி மாற்ற முடியாது என்பது இம்முறையின் அடிப்படை விதி.

இதனுடன் ஊதிய உச்சவரம்பும் சேர்கிறது. ஒவ்வோர் அணியும் வீரர்களுக்கு வழங்கும் மொத்த ஊதியத்துக்கு மேல் எல்லை உண்டு. அவ்வெல்லையின் 95 விழுக்காட்டையாவது செலவிட வேண்டும் என்ற கீழ் எல்லையும் உண்டு. செல்வ வளம் மிக்க அணிகளே நல்ல வீரர்களைத் திரட்டிக்கொள்வதைத் தடுப்பதே இவற்றின் நோக்கம்.

நீதிமன்றம் வகுத்த பாதை

ஏ.எஃப்.எல்., 1897 முதல் 1989 வரை விக்டோரியக் கால்பந்து லீக் என்ற பெயரில் இயங்கியது. அக்காலத்தில் விக்டோரியாவின் பகுதிகள் அணிகளுக்குப் பங்கிடப்பட்டிருந்தன. ஒரு பகுதியில் வளர்ந்த இளைஞர் அப்பகுதிக்குரிய அணியில்தான் சேர முடியும். பின்னர் வேறு அணிக்குச் செல்ல, பழைய அணியின் விடுவிப்பு அனுமதி தேவைப்பட்டது.

1970களின் தொடக்கத்தில் இக்கட்டு சிறிது காலம் தளர்த்தப்பட்டது. 10 ஆண்டுகள் ஒரே அணிக்கு ஆடியவர் விருப்பம்போல் மாறலாம் என லீக் அறிவித்தது. அதைப் பயன்படுத்தி டக் வேட், பாரி டேவிஸ், ஜான் ரன்டால் ஆகிய மூவரை ஈர்த்த நார்த் மெல்போர்ன் அணி, 1975இல் தனது முதல் கோப்பையை வென்றது. எனினும் அவ்விதி அறிமுகமான வேகத்திலேயே 1973இல் திரும்பப் பெறப்பட்டது.

1983இல் சில்வியோ ஃபோஸ்கினி என்ற இளம் வீரரின் வழக்கு திருப்புமுனையாக அமைந்தது. அவர் ஆடிவந்த சவுத் மெல்போர்ன் அணி சிட்னிக்கு இடம்பெயர்ந்தது. அவரோ மெல்போர்னில் தங்கி செயின்ட் கில்டா அணிக்கு ஆட விரும்பினார். லீக்கின் மாற்ற விதிகள் தொழில் செய்யும் உரிமையை நியாயமற்ற முறையில் கட்டுப்படுத்துவதாக விக்டோரியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் லீக் தன் அமைப்பையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. 1986இல் முதல் டிராஃப்ட் நடைபெற்றது. 1987இல் ஊதிய உச்சவரம்பு 12.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்ற அளவில் நடைமுறைக்கு வந்தது.

சுதந்திர வீரர் முறையும் ஈட்டுத் தேர்வும்

வீரர்கள் சங்கத்தின் நீண்டகாலக் கோரிக்கையை ஏற்று, 2012 பருவத்தின் முடிவில் சுதந்திர வீரர் முறை அறிமுகப்படுத்தப்பட்டது. ஒரே அணியில் 8 பருவங்களை நிறைவு செய்து ஒப்பந்தம் முடிவுற்ற வீரர், ஊதியத்தில் அவ்வணியின் முதல் 25 விழுக்காட்டினருள் ஒருவராக இருந்தால் கட்டுப்பாடுடைய சுதந்திர வீரராகிறார். வேறோர் அணி முன்வைக்கும் ஊதியத்துக்கு இணையான தொகையைப் பழைய அணி அளிக்க முன்வந்தால், அவரால் நேரடியாக வெளியேற இயலாது. மற்றவர்களுக்கு அத்தடை இல்லை.

2013இல் ஹாதார்ன் அணியிலிருந்து லான்ஸ் ஃபிராங்க்ளின் 9 ஆண்டுகளுக்குச் சுமார் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒப்பந்தத்தில் சிட்னி அணிக்குச் சென்றார். அத்தொகைக்கு ஈடுகொடுக்க ஹாதார்ன் முன்வரவில்லை. 2015இல் அடிலெய்ட் அணி வேறு வழியைக் கையாண்டது. பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்டுக்கு ஜீலாங் முன்வைத்த தொகைக்கு ஈடுகொடுக்கும் உரிமை தனக்கு இருப்பதை முன்வைத்துப் பேரம் பேசி, 9ஆவது, 28ஆவது டிராஃப்ட் தேர்வுகளை உள்ளடக்கிய பரிமாற்றத்தைப் பெற்றது.

சுதந்திர வீரரை இழக்கும் அணிக்கு லீக்கே கூடுதல் டிராஃப்ட் தேர்வு ஒன்றை ஈடாக வழங்குகிறது. கடும் விமர்சனத்துக்கு உள்ளாகும் பகுதி இதுவே. ஈட்டின் மதிப்பு வீரரின் திறமையை மட்டும் பொறுத்ததன்று. அவர் பெறும் புதிய ஊதியம், வயது, பழைய அணி பட்டியலில் பெற்ற இடம் ஆகியவற்றையும் பொறுத்தது. லீக்கின் தலைசிறந்த கோல் வீரர்களுள் ஒருவரான ஃபிராங்க்ளினை இழந்த ஹாதார்ன், அவ்வாண்டின் கோப்பையை வென்றிருந்ததால், 19ஆவது தேர்வை மட்டுமே பெற்றது. 2023இல் தற்காப்பு வீரர் பென் மெக்கே எசண்டனுக்குச் சென்றபோது, பட்டியலில் 17ஆவது இடத்தில் இருந்த நார்த் மெல்போர்னுக்கு 3ஆவது தேர்வு கிடைத்தது. அதனால் மற்ற அணிகளின் வாய்ப்புகள் ஓர் இடம் பின்தள்ளப்பட்டன. வீரரை வாங்கிய அணி எதையும் இழக்காதபோது, பேரத்தில் பங்கேற்காத அணிகள் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்பது விமர்சகர்களின் கேள்வி.

ஒப்புதல் என்னும் உரிமை

வீரரின் ஒப்புதல் தேவை என்ற விதி காகிதத்தில் வலுவானது. நடைமுறையில் அதன் பயன் வீரரின் நிலையைப் பொறுத்து மாறுகிறது. 2020இல் ஊதிய உச்சவரம்பு நெருக்கடியில் இருந்த காலிங்வுட் அணி, 2025 வரை ஒப்பந்தம் செய்திருந்த ஆடம் ட்ரெலோரை, அவர் தங்கவே விரும்பியபோதும், பரிமாற்றக் காலத்தின் கடைசி நாளில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணிக்கு அனுப்பியது. அவரது ஊதியத்தில் ஒரு பகுதியைத் தொடர்ந்து வழங்கவும் காலிங்வுட் இசைந்தது. தன்னை விரும்பாத அணியில் தங்குவதா, வெளியேறுவதா என்ற நிலையில் அளிக்கப்படும் ஒப்புதல் எத்தகையது என்ற விவாதம் அப்போது எழுந்தது.

மறுபுறம், முன்னணி வீரர் ஒருவர் குறிப்பிட்ட ஓர் அணியின் பெயரை மட்டும் கூறினால், பழைய அணியின் பேர வலிமை குறைந்துவிடுகிறது. 2009இல் செயின்ட் கில்டா வீரர் லூக் பால், காலிங்வுட் அணிக்கு மாற விரும்பினார். பரிமாற்றம் நிறைவேறாததால் அவர் டிராஃப்ட்டில் நுழைந்தார். காலிங்வுட் 30ஆவது தேர்வில் அவரைப் பெற்றது. செயின்ட் கில்டாவுக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மறு ஆட்டம் வரை சென்ற இறுதிப்போட்டியில் அதே காலிங்வுட்டிடம் செயின்ட் கில்டா கோப்பையை இழந்தது.

வலுவான அணிகள் மேலும் வலுப்பெறும் நிகழ்வுகளும் உண்டு. 2022இல் ஊதியச் சுமையைக் குறைக்க விரும்பிய கோல்டு கோஸ்ட், ஜாக் போவ்ஸ் என்ற வீரருடன் 7ஆவது டிராஃப்ட் தேர்வையும் சேர்த்து ஜீலாங்குக்கு அளித்தது. ஈடாகப் பெற்றது பிற்காலத்துக்குரிய மூன்றாம் சுற்றுத் தேர்வு ஒன்று மட்டுமே. ஜீலாங் அவ்வாண்டு கோப்பையை வென்ற அணி. பலவீனமான அணிகளைத் தூக்கி நிறுத்தவே உருவான டிராஃப்ட், இங்கு எதிர்த்திசையில் பயன்பட்டது.

ஏற்கெனவே நிகழ்ந்த மாற்றங்கள்

லீக் இம்முறையை அவ்வப்போது திருத்தியே வந்துள்ளது. 2015 முதல் அடுத்த ஆண்டுக்குரிய டிராஃப்ட் தேர்வுகளையும் பரிமாற அனுமதி கிடைத்தது. 2025 முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வரும் தேர்வுகளையும் பரிமாறலாம். 2018 முதல் டிராஃப்ட் நடைபெறும் இரவிலேயே தேர்வு உரிமைகளைக் கைமாற்றலாம்.

2019இல் பருவத்தின் நடுவே புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் மீண்டும் கொண்டுவரப்பட்டது. அதன்வழி ரிச்மண்ட் அணியில் சேர்ந்த மார்லியன் பிக்கெட், தனது முதல் ஆட்டத்தையே அவ்வாண்டின் இறுதிப்போட்டியில் ஆடிக் கோப்பையையும் வென்றார். எனினும், ஓர் அணியின் ஒப்பந்த வீரர் பருவத்தின் நடுவே மற்றோர் அணிக்கு மாற இன்னும் வழியில்லை.

முன்வைக்கப்படும் யோசனைகள்

விவாதத்தில் உள்ள யோசனைகளை நான்காகத் தொகுக்கலாம். முதலாவது, பருவத்தின் நடுவே ஒரு குறுகிய பரிமாற்றக் காலம். காயங்களால் வீரர்களை இழந்த அணிக்கு மாற்று வீரரும், வாய்ப்பின்றிக் காத்திருக்கும் வீரருக்கு ஆட்டமும் கிடைக்கும் என்பது இதன் ஆதரவாளர்களின் வாதம். கோப்பைக்குப் போட்டியிடும் அணிகள் பின்தங்கிய அணிகளின் நல்ல வீரர்களைப் பாதியிலேயே எடுத்துக்கொள்ளும் என்பது எதிர்வாதம்.

இரண்டாவது, மிக நீண்ட ஒப்பந்தமும் உயர்ந்த ஊதியமும் பெறும் வீரர்களை ஒப்புதலின்றி மாற்றும் அதிகாரம். அமெரிக்கத் தொழில்முறை லீக்குகளில் இது வழக்கமானது. ஆனால் பெர்த்துக்கும் மெல்போர்னுக்கும் இடையே சுமார் 2,700 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. துணைவரின் வேலை, குழந்தைகளின் பள்ளி, முதிய பெற்றோரின் பராமரிப்பு ஆகிய அனைத்தையும் ஒரே வாரத்தில் இடம்மாற்றச் சொல்லும் அதிகாரமாக அது அமையும்.

மூன்றாவது, சுதந்திர வீரராவதற்கான 8 ஆண்டுத் தகுதிக் காலத்தைக் குறைப்பது. 18 வயதில் தன் விருப்பமின்றி ஓர் அணியால் தேர்ந்தெடுக்கப்படும் இளைஞர், பணியிடத்தைத் தானே தேர்ந்தெடுக்க ஏறத்தாழ 26 வயது வரை காத்திருக்க வேண்டியுள்ளது. அவ்வயதுக்கு முன்பே பலரது ஆட்ட வாழ்க்கை முடிந்துவிடுகிறது.

நான்காவது, லீக் வழங்கும் ஈட்டுத் தேர்வை நீக்கி, வீரரைப் பெறும் அணியே விலை கொடுக்கும்படி செய்வது.

இவற்றுள் எதையும் தனித்து நிறைவேற்றுவது கடினம். தகுதிக் காலம் மட்டும் குறைந்தால், சிறிய அணிகள் தாம் வளர்த்த வீரர்களை விரைவில் இழக்கும். ஒப்புதல் விதி மட்டும் தளர்ந்தால், டிராஃப்ட்டில் ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாத வீரர், பின்னரும் அதைத் தேர்ந்தெடுக்க முடியாதவராகிறார். எனவே அணிகளுக்கு அளிக்கப்படும் எந்தச் சலுகையும் வீரர்களுக்கு முன்கூட்டியே கிடைக்கும் சுதந்திரத்துடன் இணைந்தே வர வேண்டியிருக்கும்.

அதற்கான பேச்சுமேசையும் நெருங்கி வருகிறது. ஆடவர், மகளிர் வீரர்களை முதன்முறையாக ஒருங்கே உள்ளடக்கி லீக்கும் வீரர்கள் சங்கமும் செய்துகொண்ட ஐந்தாண்டுக் கூட்டு ஒப்பந்தம் 2027இல் முடிவடைகிறது. 2028இல் டாஸ்மேனியா 19ஆவது அணியாகக் களமிறங்கத் திட்டமிடப்பட்டுள்ளது. வரலாறோ ரசிகர் பலமோ இனிமேல்தான் உருவாக வேண்டிய அவ்வணிக்கு வீரர்கள் வந்து சேர்வதும், வந்தவர்கள் தங்குவதும் அடுத்த விதிகள் எவ்வாறு எழுதப்படுகின்றன என்பதையே பொறுத்திருக்கும்.